டேவ் ஆர்னசனின் பங்கு: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தராக வேடமேற்று ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளைப் பற்றித் தாங்கள் சென்ற மாதம் எழுதிய கட்டுரையை வாசித்தேன். என் மகன் கல்லூரி நண்பர்களோடு சனிக்கிழமைதோறும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறான் என்பதால் இந்த விஷயத்தில் எனக்கும் அக்கறை உண்டு. கேரி கைகாக்ஸின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் டேவ் ஆர்னசனின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருந்தீர்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் படித்தறிந்தவரை, 1974-இல் வெளிவந்த அந்த விளையாட்டின் விதிநூலை எழுதியவர் கைகாக்ஸ். அதை அச்சிட்டு விற்கப் பாடுபட்டவரும் அவரே. ஆர்னசன் கொடுத்தது இருபது பக்கம் அளவுக்கான குறிப்புகள் மட்டுமே. பிறகு வழக்குத் தொடுத்து உரிமைத்தொகையும் வாங்கிக்கொண்டார். யோசனை யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். உட்கார்ந்து எழுதி முடித்தவர்தானே ஆசிரியர்? ஆர்னசன் அப்படி என்ன செய்துவிட்டார் என்று ஒரு வரியில் சொல்ல முடியுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மகன்தான் அவர்கள் குழுவில் நடுவராக இருக்கிறான். நூலில் விதி இல்லாத ஒன்றை நண்பர்கள் செய்யப்போவதாகச் சொன்னால் பக்கங்களைப் புரட்டித் தேடித் திணறிப்போகிறான். அவனுக்கு என்ன சொல்வீர்கள்?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

ஒரு வரியில் கேட்டீர்கள். ஆட்டக்காரர் படையாக இல்லாமல் ஒரே ஓர் ஆளாக ஓர் உலகத்துக்குள் நுழைந்து, தன் மனதில் தோன்றியதையெல்லாம் செய்து பார்க்க, அதன் விளைவு அடுத்த வாரமும் அதற்கடுத்த ஆண்டும் அவரைத் தொடர்ந்து வருகிற ஆட்டத்தை, மாயமும் அரக்கர்களும் நிறைந்த ஒரு நாட்டில் முதன்முதலாக நடத்திக் காட்டியவர் ஆர்னசன். உங்கள் மகன் சனிக்கிழமைகளில் ஆடுவது இதைத்தான். அவன் கையில் உள்ள நூல் கைகாக்ஸின் வழிவந்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த விளையாட்டு நூலில் நிகழ்வதில்லை, மேசையைச் சுற்றி இருப்பவர்களின் பேச்சில் நிகழ்கிறது. ஆகவே நூலை எழுதியவர் யார் என்ற கேள்விக்கான விடையை, ஆட்டத்தை உருவாக்கியவர் யார் என்ற கேள்விக்கும் விடையாகக் கொள்ள முடியாது என்பதே என் தரப்பு.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸும் செயின்ட் பாலும் இணைந்த இரட்டை நகரத்தில், 1960-களில் போர் விளையாட்டு ஆடும் இளைஞர் குழு ஒன்று இருந்தது. 1947-இல் பிறந்து, பின்னர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த ஆர்னசன் அதில் ஒருவர். நெப்போலியன் காலத்துப் படைகளைச் சிறு பொம்மைகளாக மேசையில் அடுக்கி, அளவுகோலும் பகடையும் கொண்டு போர்களை ஆடிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அந்தக் குழுவைச் சேர்ந்த டேவிட் வெஸ்லி, 1880-இல் சார்லஸ் டோட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி எழுதிய ‘ஸ்ட்ராடிகோஸ்’ என்னும் போர்ப்பயிற்சி நூலைப் பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுத்தார். ஆட்டக்காரர் எதைச் செய்ய முயன்றாலும், விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதன் பலனைத் தீர்மானிக்கும் நடுவர் ஒருவர் வேண்டும் என்ற எண்ணத்தை அவர் அந்த நூலிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். வெஸ்லியின் பெயரையும் இங்கே சொல்லாவிட்டால் ஆர்னசனுக்காக நான் கேட்கும் நியாயத்தை நானே வெஸ்லிக்கு மறுத்தவன் ஆவேன்.

1969-இல் வெஸ்லி ‘பிரவுன்ஸ்டைன்’ என்ற ஆட்டத்தை நடத்தினார். அது ஜெர்மனியில் இருப்பதாக அவர் கற்பனை செய்துகொண்ட ஒரு சிற்றூரின் பெயர். இரண்டு படைகள் அவ்வூரை நெருங்குகின்றன. வந்திருந்த ஆட்டக்காரர்கள் பலருக்குப் படையைக் கொடுக்காமல் ஊருக்குள் இருக்கும் தனித்தனி ஆட்களின் பொறுப்பைக் கொடுத்தார். ஒவ்வொருவராகத் தன்னிடம் வந்து தாம் செய்ய நினைப்பதைச் சொல்வார்கள், பிறகு போர் தொடங்கும் என்பது அவர் போட்ட திட்டம். ஆனால் ஆட்டக்காரர்கள் அவரிடம் வருவதற்கு முன்பே தங்களுக்குள் பேசவும் சதி செய்யவும் தொடங்கிவிட்டார்கள். இருவர் ஒருவரையொருவர் வாட்போருக்கே அழைத்துவிட, அதற்கென்று விதி ஏதும் எழுதி வைத்திராத வெஸ்லி அந்த இடத்திலேயே ஒரு முடிவைச் சொல்ல வேண்டியதாயிற்று. படைகள் மோதிக்கொள்ளவே இல்லை. ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது என்று வெஸ்லி வருந்தினார். நண்பர்களோ இன்னொன்று நடத்தச் சொல்லிக் கேட்டார்கள்.

ஆர்னசனின் இயல்பைக் காட்டும் நிகழ்ச்சி அதன் தொடர்ச்சியாக நடந்தது. பிற்பாடு வெஸ்லி நடத்திய ஓர் ஆட்டம், புரட்சி வெடிக்கும் நிலையில் உள்ள ஒரு லத்தீன் அமெரிக்கக் குட்டி நாட்டில் நிகழ்ந்தது. அதில் ஆர்னசனுக்குக் கிடைத்தது துண்டறிக்கை விநியோகிக்கும் ஒரு புரட்சிக்காரன் வேடம். அவர் சி.ஐ.ஏ. அடையாள அட்டை ஒன்றைத் தாமே தயாரித்து எடுத்து வந்து, தாம் உண்மையில் மாறுவேடத்தில் இருக்கும் உளவாளி என்று மற்ற ஆட்டக்காரர்களை நம்ப வைத்து, நாட்டின் பணத்தையெல்லாம் பாதுகாப்புக்கென்று தம் கைக்கு வாங்கிக்கொண்டு, ஹெலிகாப்டரில் ஏறிப் பறந்தபடியே துண்டறிக்கைகளைத் தெருக்களின் மேல் கொட்டித் தம் வேடத்துக்கு உரிய வேலையையும் முடித்துவிட்டார் என்று அங்கே ஆடியவர்கள் நினைவுகூர்கிறார்கள். இதில் ஒரு செயலுக்காவது விதிநூலில் இடம் இருந்திருக்காது. ஆனால் ஒவ்வொன்றும் அந்தச் சூழலில் ஒரு மனிதன் செய்யக்கூடியதே. ஆட்டத்தின் எல்லை, எழுதிய விதியோடு முடிவதில்லை என்பதை ஆர்னசன் முதலில் ஆட்டக்காரராகத்தான் அறிந்துகொண்டார்.

1971-இல் நெப்போலியன் போர்களில் அவருக்குச் சலிப்பு ஏற்பட்டது. ஒரு வார இறுதி முழுவதும் பாப்கார்னைக் கொறித்துக்கொண்டு பூதப் படங்களைப் பார்த்தும், கோனன் என்ற வாள்வீரனின் சாகசக் கதைகளைப் படித்தும் கழித்தபோதுதான் புதிய ஆட்டத்துக்கான எண்ணம் உதித்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு ஏப்ரல் 17 அன்று தம் வீட்டில் பகல் ஒரு மணி முதல் நள்ளிரவு வரை இடைக்கால ‘பிரவுன்ஸ்டைன்’ ஒன்று நடக்கும் என்று குழுவின் செய்தி மடலில் அறிவிப்புக் கொடுத்தார். கதைகளில் வரும் விசித்திரப் பிராணிகள் அதில் இருக்கும் என்றும், பாலத்தின் அடியில் டிரால் பூதம் நடத்தும் சீட்டாட்டம் ஒன்றும் உண்டு என்றும் அந்த அறிவிப்பு சொன்னது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத வரி அது. போரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், பூதத்தோடு உட்கார்ந்து சீட்டாடலாம் வாருங்கள் என்று போர் விளையாட்டுக்காரர்களை அழைக்கிற துணிவு அதில் இருக்கிறது. பெற்றோர் வீட்டின் நிலவறையில் இருந்த பிங்பாங் மேசையின்மேல் பிளாஸ்டிக்கில் செய்த கோட்டை ஒன்றை வைத்தார். அந்தக் கோட்டையும் அதன் ஊரும் அடியிலிருந்த சுரங்க வழிகளும் சேர்ந்ததுதான் ‘பிளாக்மூர்’.

ஓர் ஆள் எவ்வளவு அடி தாங்குவான் என்பதைக் காட்டும் எண்ணான உயிர்ப்புள்ளி வந்த கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் ‘யோசனை யாருக்கும் வரும்’ என்ற உங்கள் வாதத்துக்கு அதுவே பதில். சண்டைகளுக்கு ஆர்னசன் தொடக்கத்தில் பயன்படுத்தியவற்றுள் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதி 1971-இல் வெளியான ‘செயின்மெயில்’ விதிகளும் உண்டு. படைகளுக்காக எழுதப்பட்ட அவ்விதிகளில் அடி விழுந்தால் ஆள் செத்தான் என்பதே பொதுவான கணக்கு. நூறு பொம்மைகளில் ஒன்று விழுந்தால் எவரும் கலங்குவதில்லை. ஆனால் இங்கே ஒவ்வொருவருக்கும் இருந்தது ஒரே ஆள். அவனுக்குப் பெயர் வைத்திருந்தார்கள், அவனோடு வாரக்கணக்கில் வாழ்ந்திருந்தார்கள். அரக்கனைத் தாங்கள் ஒரே வீச்சில் கொல்வதில் அவர்களுக்கு மகிழ்ச்சிதான், தங்கள் ஆள் ஒரே வீச்சில் சாவதை மட்டும் அவர்களால் ஏற்க முடியவில்லை. இதைக் கண்ட ஆர்னசன், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து இரும்புக் கவசக் கப்பல்களுக்காகத் தாம் முன்பு எழுதியிருந்த விதிகளை எடுத்தார். எந்தக் கப்பலும் ஒரு குண்டில் மூழ்குவதில்லை. கவசத்தின் தடிமனைப் பொறுத்துக் குண்டு துளைக்கும் அல்லது தெறித்துப் போகும், துளைத்த குண்டுகளின் சேதம் கூடிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் கப்பல் அமிழும். அந்தக் கணக்கை அவர் மனித உடலுக்கு மாற்றினார். ஆள் உயிர் பிழைத்ததால் அவனுக்கு அனுபவம் சேர்ந்தது, அனுபவத்துக்குப் புள்ளி வந்தது, புள்ளி கூடக்கூட அவன் வலியவன் ஆனான். இன்று கணினியிலும் கைபேசியிலும் விளையாடும் பிள்ளைகள் திரையின் மூலையில் காணும் உயிர்ப்பட்டையின் முன்னோரைத் தேடினால், அந்த நிலவறையையும் ஒரு கப்பற்போர் விதியையுமே சென்றடைய வேண்டியிருக்கும். இதைச் சும்மா தோன்றிய யோசனை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. தன் மேசையைச் சுற்றி இருந்தவர்களின் முகத்தைப் பார்த்து, அவர்களுக்கு எது வலிக்கிறது என்று உணர்ந்து, கையில் இருந்த பொருளைக் கொண்டு அதற்கு மருந்து செய்தவரின் உழைப்பு இது.

ஆட்டக்காரர்கள் எதைச் செய்தார்கள் என்பதைப் போலவே எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதும் அவர் உலகில் பதிவாயிற்று. சுரங்கத்துக்குள் புதையல் தேடுவதிலேயே அவர்கள் மூழ்கிக்கிடக்க, வெளியே தீய சக்திகளின் படை திரண்டு வந்தது. ஊரைக் காக்க வேண்டிய கடமையை அவர்கள் மறந்திருந்தார்கள். ஆர்னசன் ஆட்டத்தைக் காப்பாற்றுவதற்காகக் கதையை வளைக்கவில்லை. பிளாக்மூர் கோட்டை வீழ்ந்தது. நாயகர்கள் அத்தனை பேரும் ‘லாக் குளூமென்’ என்ற தொலைதூரப் பகுதிக்கு நாடு கடத்தப்பட்டார்கள், ஆட்டம் அங்கிருந்து தொடர்ந்தது. இரண்டாவது வாரமே எல்லாம் பழையபடி திரும்பிவிடும் ஓர் ஆட்டத்தில் இத்தகைய இழப்புக்கு இடமே இல்லை.

இனி கைகாக்ஸ். ஆர்னசனும், பின்னர் ‘டஞ்சன்’ என்ற பலகை விளையாட்டால் அறியப்பட்ட டேவ் மெகாரியும் 1972-இன் இறுதிப் பகுதியில் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவுக்குப் போய் பிளாக்மூரைக் கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார்கள். அதில் என்ன இருக்கிறது என்பதைக் கைகாக்ஸ் உடனே உணர்ந்தார். இதைவிடப் பெரிய பாராட்டு அவருக்குத் தேவையில்லை. ஆர்னசன் அனுப்பிய குறிப்புகளிலிருந்து ஏறக்குறைய ஐம்பது பக்க வரைவை எழுதி, அதை நூற்றைம்பது பக்கத்துக்கு விரித்து, டான் கேயுடன் சேர்ந்து 1973-இல் ஒரு நிறுவனம் தொடங்கி, பிரையன் புளூம் கொண்டுவந்த பணத்தையும் சேர்த்து 1974-இல் ஆயிரம் பிரதிகள் அச்சிட்டார். அவர் இல்லையென்றால் பிளாக்மூர் ஒரு நண்பர் குழுவின் இளமைக்கால நினைவாகவே முடிந்திருக்கும் என்பதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முதல் பதிப்பின் அட்டையில் இருப்பவை கைகாக்ஸ், ஆர்னசன் என்ற இரண்டு பெயர்கள். 1973 நவம்பர் தேதியிட்ட முன்னுரையில், ஆர்னசன் தம் நகரத்துக் குழுவுக்காக ஒரு நாட்டின் வரைபடத்தில் சதுப்பு நிலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கே பிளாக்மூரை அமைத்ததைக் கைகாக்ஸ் கதையின் தொடக்கத்திலேயே சொல்கிறார். ஆர்னசனின் பங்கைச் சொல்ல நான் வெளியே சாட்சி தேட வேண்டியதில்லை, கைகாக்ஸே எழுதி வைத்திருக்கிறார்.

வழக்கைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு குறை இருக்கிறது. 1977 முதல் ‘அட்வான்ஸ்டு’ என்ற அடைமொழியோடு புதிய நூல்கள் வந்தபோது, அது வேறு விளையாட்டு, ஆகவே ஆர்னசனுக்கு அதில் தொகை இல்லை என்று நிறுவனம் சொன்னது. 1979-இல் அவர் வழக்குத் தொடுத்தார், 1981-இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஏற்பட்டது. தன் பெயர் இருந்த இடத்திலிருந்து அது அகற்றப்படும்போது ஒருவர் கேட்காமல் இருந்தால்தான் நான் வியந்திருப்பேன்.

அவரால் ஒழுங்காக எழுத முடியவில்லை என்பது உண்மையே. 1975-இல் வந்த ‘பிளாக்மூர்’ இணைப்பு நூலில் உள்ள தவளைக் கோயில் என்னும் சாகசப் பகுதியையும், 1977-இல் வந்த ‘தி ஃபர்ஸ்ட் ஃபேன்டஸி கேம்பெயின்’ தொகுப்பையும் படித்தால் தெரியும். பின்னது பட்டியல்களும் வரைபடங்களும் அறைக்குறிப்புகளும் வரிசையின்றிக் குவிந்த ஒரு மூட்டை. அவருக்கு மட்டும் பொருள்படக்கூடிய குறிப்புகள் அவை, ஏனெனில் மீதி எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஆட்டக்காரர் கேட்கக் கேட்க அங்கிருந்துதான் வந்தது. பிற்காலத்தில் ஃபுளோரிடாவின் ஃபுல் செயில் கல்லூரியில் விளையாட்டுக்கு விதி எழுதும் கலையை அவர் பல ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். தனக்கு எது கடினமாக இருந்ததோ அதையே இளையவர்களுக்குக் கற்றுத்தர முன்வந்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது. 2009 ஏப்ரலில், கைகாக்ஸ் மறைந்து ஓராண்டுக்குச் சற்றுப் பின், புற்றுநோயால் காலமானார்.

உங்கள் மகனுக்கு: நண்பர் விதியில் இல்லாத ஒன்றைக் கேட்கும்போது நூலை மூடி வைக்கட்டும். ‘அதை எப்படிச் செய்யப்போகிறாய், சொல்’ என்று திருப்பிக் கேட்கட்டும். பதிலைக் கேட்டபின், அது நடக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று தானே ஒரு எண்ணை மனதில் குறித்து, அதை எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் பகடையை உருட்டச் சொல்லட்டும். விழுந்த எண் எதுவானாலும் அதை மாற்றக் கூடாது. அன்றைக்குச் சொன்ன தீர்ப்பை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டால், மூன்று மாதம் கழித்து அதே கேள்வி வரும்போது அந்தக் குழுவுக்கென்று சொந்தமாக ஒரு விதி இருக்கும்.

அன்புடன்.