துண்டுகளோடு ஞாயிறு வாருங்கள்

வெள்ளவத்தை நண்பருக்கு வணக்கம். தரையிறக்கத் திருப்பியபோது மாதிரி விமானம் மூன்றாம் முறையும் தலைகுப்புற விழுந்தது, இனிக் கழகத்தார் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை விடுங்கள். எங்கள் கழகத்தில் ஒருவருடையது விழுந்தால் ஐந்து பேர் துண்டு பொறுக்க ஓடுவோம். இறக்கையைக் கண்டெடுத்தவருக்கே முதல் பிளேன்டீ!

உங்கள் விவரத்தைப் பார்த்தால், வேகம் குறைந்த நிலையில் மிகவும் சாய்த்துத் திருப்பியிருக்கிறீர்கள். 60 பாகை சாய்வில், உயரம் குறையாமல் திரும்ப, இறக்கை தாங்குவதற்கான குறைந்தபட்ச வேகமே, நேராகப் பறக்கும்போது வேண்டியதைப்போல ஏறத்தாழ 1.4 மடங்காகிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று பின்னாலிருந்து தள்ளும்போது விமானம் விரைவாகப் போவதுபோலக் கண்ணுக்குத் தெரியும், ஆனால் இறக்கையைத் தாங்கும் காற்றோட்டம் அதனால் கூடுவதில்லை. அதை நம்பி மோட்டார் விசையைக் குறைப்பதுதான் வினை. உயரத்திலேயே, அகலமாகத் திருப்புங்கள்.

சாதாரண சுப்பர்குளூ ரிஜிபோம் நுரைப் பலகையைக் கரைத்துவிடும், எபொக்சிப் பசையால் ஒட்டுங்கள். விமானத்தின் லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி ஊதியிருந்தால் சார்ஜ் ஏற்றவே வேண்டாம், அது தீப்பிடிக்கக்கூடியது.

ஒரு துண்டையும் எறியாமல் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எபொக்சி என்னிடம் இருக்கிறது, சேர்ந்தே ஒட்டுவோம்.