ஆதித் திருச்சபை தொடக்க விசுவாசத்தில் நிலைத்து நின்றதா?

"ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வந்துதான் எல்லாவற்றையும் மாற்றினார்" என்பது பரவலான பதில். அதைச் சோதிக்க, கி.பி. 325இல் கூடிய நிசேயா சங்கம் என்ற ஆயர் பேரவைக்கு முந்தைய எழுத்துகளைக் காலவரிசைப்படி படிக்க வேண்டும்.

பவுல் ஏறத்தாழ 55இல் எழுதிய 1 கொரிந்தியர் 15:3-5இலிருந்து தொடங்குங்கள். கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார் என்பதைத் தாம் பெற்றபடியே ஒப்புவித்ததாகச் சொல்கிறார். அப்படியானால் அந்த அறிக்கை கடிதத்துக்கும் முந்தியது. அடுத்து, பித்தினியா ஆளுநர் பிளினி சுமார் 112இல் பேரரசர் டிராஜனுக்கு எழுதியது: கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள். அவர்களுக்கு மரண தண்டனை விதித்த அதிகாரியே தரும் சாட்சி என்பதால் இதற்கு எடை அதிகம்.

ஞாயிறு வழிபாடும் கான்ஸ்டன்டைன் புகுத்தியதல்ல. அவர் 321இல் ஞாயிறை ஓய்வுநாளாக்கினார், அவ்வளவே. சுமார் 155இலேயே ரோமில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவப் போதகர் எழுதிவைத்திருக்கிறார்: ஞாயிறன்று கூடுகை, அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் நூல்களோ வாசிப்பு, போதனை, ஜெபம், அப்பம், தண்ணீர் கலந்த திராட்சரசம். வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 'டிடாக்கே' என்ற பழைய கையேடு ஞானஸ்நானத்துக்கு ஓடும் நீரைச் சொல்கிறது. போதிய நீர் இல்லாவிட்டால் தலையில் மூன்றுமுறை ஊற்றச் சொல்கிறது.

மாற்றமே இல்லை என்றும் சொல்ல முடியாது. குமாரன் பிதாவோடு 'ஒரே தன்மையுள்ளவர்' என்று சொல்ல நிசேயா எடுத்த 'ஹோமோஊசியோஸ்' என்ற சொல் வேதத்தில் இல்லை. ஆனால் குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் தரப்பு ஒவ்வொரு வேத வசனத்துக்கும் தன் பொருளைக் கொடுத்ததால், வசனத்தை மட்டும் வைத்து வழக்கைத் தீர்க்க வழியில்லாமல் போயிற்று. சொல் புதிது, கிறிஸ்துவை வணங்குவது புதிதல்ல.

உண்மையான விலகல் வேறிடத்தில் இருக்கிறது என்பேன். சுமார் 155இல் பாஸ்காவை (ஈஸ்டரை) எந்த நாளில் கொண்டாடுவது என்பதில் சிமிர்னா ஆயர் பொலிகார்ப்பும் ரோம் ஆயர் அனிசேதுஸும் உடன்படவில்லை. ஆனாலும் சேர்ந்தே திருவிருந்தில் பங்குகொண்டு சமாதானமாகப் பிரிந்தார்கள். சுமார் 385இல், இன்றைய ஜெர்மனியிலுள்ள டிரையரில் பேரரசர் மாக்சிமுஸ், பிரிசில்லியன் என்ற ஆயருக்கு மரண தண்டனை விதித்தார். குற்றச்சாட்டு சூனியம், வழக்கைத் தொடுத்து நடத்தியவர்களோ அவரை வேதப்புரட்டர் என்ற சக ஆயர்கள். தூர் நகர ஆயர் மார்ட்டின் இரத்தம் சிந்தக் கூடாதென்று நேரில் போய் மன்றாடினார். களைகளைப் பிடுங்காதீர்கள், அறுப்புவரை களையும் கோதுமையும் வளரட்டும் என்ற இயேசுவின் உவமை அந்த ஆயர்களுக்கும் மனப்பாடம்தான்.