ரேடார் பத்தி என்ன வேணா கேளுங்க

22 வருஷம் கப்பல்ல ரேடார் ரிப்பேர் பாத்துட்டு இப்ப மஞ்சக்குப்பத்துல வீட்டோட இருக்கேன், தெரிஞ்சதை சொல்றேன்.

கேள்வி (புதுச்சேரி காலேஜ் பொண்ணு): சார், ரேடார் தூரத்தை எப்படி கண்டுபிடிக்குது?

எதிரொலிதான்மா. கிணத்துல எட்டிப் பாத்து கத்துனா குரல் திரும்பி வருதுல்ல, இங்க குரலுக்கு பதிலா ரேடியோ அலை, செகண்டுக்கு 3 லட்சம் கி.மீ. ஓடும். காரைக்கால் வானிலை ரேடார்ல இருந்து கடலூர் மேல நிக்கிற மேகம் சுமார் 90 கி.மீ., போயி திரும்ப 0.6 மில்லி செகண்டுதான் ஆகும். அந்த நேரத்தை வச்சுத்தான் தூரம்.

கேள்வி (முத்தியால்பேட்டை அக்கா): ரேடார் படத்துல எங்க ஏரியா பச்சையா இருந்துச்சுன்னு மாடியில காஞ்ச வடாமை அள்ளிட்டு ஓடியாந்தேன் தம்பி, ஒரு சொட்டு விழல!

அக்கா, ரேடார் உங்க மாடியைப் பாக்கல. அலை லேசா மேல தூக்கித்தான் போகும், பூமியும் வளைஞ்சிருக்கு, அதனால காரைக்கால்ல இருந்து பாண்டி வர்றதுக்குள்ள அது ஒன்றரை கி.மீ. உசரத்துக்கு மேல ஏறிடும். அங்க இருக்கிற சின்னத் தூத்தல் கீழ வர்றதுக்குள்ளயே காஞ்சு போயிரும். இன்னொண்ணு, துளி ரெண்டு மடங்கு பெருசானா எதிரொலி 64 மடங்கு ஆகும், அதான் பெரிய துளி மழை மட்டும் செவப்பா கத்துது. ஒரே படத்தை நம்பாதீங்க, வரிசையா நாலு படம் பாத்து மேகம் எந்தப் பக்கம் நகருதுன்னு பாருங்க.

கேள்வி: கடலூர்லயே ஒரு ரேடார் இருக்காமே, புயலுக்கா?

இல்லங்க, அது கடல் நீரோட்டம் அளக்குறது. அலையோட அலையா கடல் மேலயே ஒட்டிப் போற ரேடியோ அலை. ஒரு ரேடார் தன்னை நோக்கி வர்ற, தன்னை விட்டுப் போற வேகத்தைத்தான் காட்டும், அதான் கல்பாக்கத்துல ஜோடியா இன்னொண்ணு, ரெண்டையும் சேத்தாத்தான் தண்ணி எந்தத் திசையில இழுக்குதுன்னு முழுசா தெரியும். கடல்ல ஆள் காணாம போனா எங்க தேடணும்னு சொல்ல இது எவ்ளோ பெரிய உதவி தெரியுமா!

கேள்வி: ஈசிஆர்ல போலீஸ் வேகம் பிடிக்கிறது?

துப்பாக்கி மாதிரி கையில பிடிக்கிற ரேடார் கன் இருந்தா, அது டாப்ளர் முறை, திரும்பி வர்ற அலையோட மாற்றத்தை வச்சு வேகம் கண்டுபிடிக்கிறது. கிட்ட வர்ற ரயில் ஹாரன் கீச்சுன்னும், தாண்டினதும் சத்தம் தடிச்சும் கேக்குமே, அதேதான்.

கேள்வி (தேவனாம்பட்டினம் தம்பி): அண்ணே, ராத்திரி பெரிய கப்பல் நேரா வருது, நம்ம பைபர் போட்டு அவங்களுக்குத் தெரியுமா?

தம்பி, இதை நல்லா கேளு. பைபர்ல ரேடார் அலை பெரும்பாலும் ஊடுருவிப் போயிடும், திரும்பி வர்றது கொஞ்சம்தான். கடல் கொந்தளிப்பா இருந்தா கடல் அலையோட எதிரொலியே ஸ்கிரீன் பூரா புள்ளியா நிக்கும், அதைக் குறைக்க அவங்க திருகுற திருகுல உன் போட்டும் சேந்து அழிஞ்சிரும், நானே பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். அதனால ரேடார் ரிப்ளெக்டர் வாங்கு, தகடுங்க ஒண்ணுக்கொண்ணு நேர் செங்குத்தா சேந்திருக்கும், வந்த அலையை வந்த பக்கமே திருப்பி அனுப்பும். தகடு நசுங்கினா பிரயோசனம் இல்ல. கம்புல எவ்ளோ உசரம் முடியுமோ அவ்ளோ உசரத்துல கட்டு, லைட்டையும் அணைக்காத.