மகளின் தோழிக்கு அடையாள அட்டை: ஏஜெண்டிடம் பணம் கட்டலாமா?

கேள்வி: பங்சார் கொண்டோவில் வசிக்கிறோம். இடைநிலைப்பள்ளியில் படிவம் 2 படிக்கும் என் மகளின் உயிர்த்தோழி, கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரின் பெண். அப்பா மலேசியச் சீனர், அம்மா வியட்நாம்காரர். கோலாலம்பூரில் பிறந்தும் அவளுக்கு அடையாள அட்டை இல்லை. 8,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கித் தருவதாக ஓர் ஏஜெண்ட் சொல்கிறார். பாதியை நாங்கள் கொடுக்கலாமா?

பதில்: ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள், சகோதரி. அந்த அட்டைக்கு அடிப்படையான குடியுரிமையை முடிவு செய்வது உள்துறை அமைச்சு. "தேசியப் பதிவிலாகாவில் ஆள் இருக்கிறது" என்பவர்கள் பணத்தோடு அசல் பிறப்புப் பத்திரத்தையும் வாங்கிக்கொண்டு தலைமறைவாகிவிடுவார்கள். போலி அட்டை வந்தால் மாட்டிக்கொள்வது பிள்ளைதான்.

அந்தப் பத்திரத்தில் குடியுரிமைக்கு நேரே 'புக்கான் வார்காநெகாரா' (குடிமகன் அல்ல) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பெரும்பாலும் பெற்றோரின் திருமணத் தேதிதான் காரணம். பதிவுத் திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமையைத்தான் பார்ப்பார்கள்; அப்பா மலேசியர் என்பது எடுபடாது. முஸ்லிம் அல்லாதார் திருமணம் 1982 மார்ச் 1 முதல் பதிந்தால்தான் செல்லும். சீனரின் தேநீர்ச் சடங்கு போதாது, நாம் கோயிலில் கட்டும் தாலியும் போதாது. "அப்புறம் பதிந்துவிட்டோமே" என்பார்கள். அதையும் நம்பி உட்காராதீர்கள். பெற்றோர் பிறகு மணந்துகொண்ட ஒரு வழக்கில், வெளிநாட்டில் பிறந்த அந்தக் குழந்தைக்கு 2021-ல் நாட்டின் உச்ச மன்றமான கூட்டரசு நீதிமன்றம் 4க்கு 3 என்று குடியுரிமையை மறுத்தது. பிறப்புக்கும் திருமணத்துக்கும் சில மாத வித்தியாசம்தான். பிள்ளை என்ன பாவம் செய்தது?

இவளுக்குள்ள வழி அரசியலமைப்பின் 15ஏ பிரிவு. சிறப்புச் சூழ்நிலை என்று அரசு கருதினால், குறிப்பிட்ட வயதுக்குட்பட்டவரைக் குடிமகளாகப் பதியலாம். அந்த வயது வரம்பை 21-லிருந்து 18 ஆக்கும் திருத்தத்தை 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிவிட்டது. ஆகவே இப்போதே மனுச் செய்யச் சொல்லுங்கள். பதில் வர வருடக்கணக்கில் இழுக்கலாம், காரணமே சொல்லாமல் மறுத்தும் விடலாம். ஒரு வளரும் பெண்ணை இப்படிக் காக்க வைப்பது அநியாயம்.

உதவ விரும்பினால் அந்தத் தாயோடு பதிவிலாகாவுக்குப் போங்கள். மலாய்ப் படிவத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். கையெழுத்து பெற்றோருடையதாக இருக்கட்டும். ரசீதையும் எல்லாவற்றின் நகலையும் தனிக் கோப்பில் வையுங்கள். தோழியின் நிலைமையை உங்கள் மகளுக்கு மறைக்காமல் சொல்லுங்கள், வகுப்பில் அதைப் பேச வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் தாமதிக்காமல் கோலாலம்பூர் சட்ட உதவி மையத்துக்குக் கொண்டுபோங்கள்.