வாசகர் கேள்வி பதில்: தட்டில் வளரும் மூளைச் செல்லும் பிரியானும்

கேள்வி: ஆட்டு மூளை வாங்க வாரவங்க, "மூளையை ஓட்டையாக்குற நோய் ஆட்டுக்கும் உண்டாமே"ன்னு கேக்காங்க. என்ன சொல்லட்டும்?
– ஆட்டிறைச்சிக் கடைக்காரர், மேலப்பாளையம்

பதில்: உண்டு. ஸ்கிரேப்பி என்று பெயர்; செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வரும். ஐரோப்பாவில் 250 ஆண்டுகளுக்கு மேலாக அறிந்த நோய், மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. 1996-இல் பிரிட்டன் அறிவித்த, மூளையை ஓட்டையாக்கும் மனித நோய் மாட்டிலிருந்து வந்தது, ஆட்டிலிருந்து அல்ல. ஆனால் "நல்லா வேக வச்சா போயிரும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்த நோய்களை உண்டாக்கும் பிரியான் கிருமியல்ல, தப்பாக மடிந்த புரதம்; இயல்பான புரதத்தையும் தன்னைப் போலவே மடிய வைக்கும், கொதிநீரில் அழியாது. சுவரிலும் வேலியிலும் ஓயாமல் உரசி மயிர் உதிர்ந்த ஆட்டைச் சந்தையில் பார்த்தால் நடக்கவிட்டுப் பாருங்கள். சொறி பிடித்த ஆடும் உரசும். உரசுவதோடு பின்னங்காலும் தள்ளாடினால் அறுக்க வேண்டாம், கால்நடை மருத்துவரிடமோ இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ காட்டுங்கள்.

கேள்வி: மனித மூளைச் செல்களைத் தட்டில் வளர்த்து அவற்றில் பிரியானைத் தொற்ற வைத்ததாகப் படித்தேன். தொற்றியது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?
– முதுநிலை உயிர்த்தொழில்நுட்ப மாணவி, பாளையங்கோட்டை

பதில்: இந்தத் துறையில் எந்த ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். நோயுற்ற மூளையை அரைத்த கரைசலைச் செல்கள் மேல் ஊற்றுகிறார்கள். அந்தக் கரைசலிலேயே பிரியான் நிறைய இருக்கிறது. எளிதில் சிதையாததால் செல்லோடு ஒட்டி வாரக்கணக்கில் கிடக்கும். பிறகு சோதனையில் தெரிவது செல் புதிதாக உண்டாக்கியதா, ஊற்றியதன் மிச்சமா?

பெருகும் செல்களில் விடை எளிது. என்2ஏ என்ற எலியின் நரம்புப்புற்றுச் செல்களைப் பத்துக்கு ஒன்றாக மூன்று முறை பிரித்து வளர்த்தால், ஊற்றியது ஆயிரத்தில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். அப்புறமும் அளவு குறையாமல் நின்றால் செல்லே உற்பத்தி செய்கிறது என்று பொருள். ஆனால் என்2ஏ எலிக்குப் பழகிய பிரியானைத்தான் ஏற்கும், அதிலும் எல்லாக் கிளைகளும் (தனித்தனிச் செல்லிலிருந்து பிரித்து வளர்த்த கூட்டங்கள்) ஏற்காது. ஏற்கும் கிளையைத் தேடிப் பொறுக்க வேண்டும்.

மனித நியூரான், அதாவது நரம்புச் செல், பெருகாது, ஆகவே நீர்த்துப்போகச் செய்யும் வழி அங்கே இல்லை. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த ஆஸ்ட்ரோசைட்டுகளில் (நரம்புச் செல்லுக்குத் துணை நிற்கும் மூளைச் செல்கள்) மனிதரின் பிரியான் நோயான சிஜேடியின் பிரியான் பெருகியதை 2017-இல் காட்டினார்கள். 2019-இல் அமெரிக்காவின் ராக்கி மவுண்டன் ஆய்வகம் மூளை ஆர்கனாய்டுகளில் (ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த குட்டி மூளைத் திசு உருண்டைகள்) காட்டியது. அவற்றை மாதக்கணக்கில் பின்தொடர வேண்டியிருந்தது. பார்க்க வேண்டியது காலப்போக்கு: அளவு முதலில் இறங்கி, பிறகு ஏற வேண்டும். கூடவே, பிரியான் புரதத்தின் மரபணுவை நீக்கிய செல்களுக்கும் அதே கரைசலை அதே அளவு ஊற்ற வேண்டும். அவற்றில் மாற்றுவதற்குப் புரதமே இல்லை. அங்கே தெரிவதெல்லாம் மிச்சம்தான். நோயில்லாத மூளைக் கரைசல் ஊற்றிய தட்டு மட்டும் போதாது. மிச்சத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அளப்பதிலும் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ் கே நொதியை மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் வீதம் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால், இயல்பான புரதம் செரிந்து பிரியானின் கருப்பகுதி மிஞ்சும். செல்லைக் கரைக்கும் திரவத்தில் பழக்கத்தில் அந்த நொதியை முடக்கும் பிஎம்எஸ்எஃப் தடுப்பானைச் சேர்த்துவிட்டால் நொதி வேலை செய்யாது, எல்லா மாதிரியும் தொற்றியது போலவே தெரியும். தடுப்பானைச் செரிமானம் முடிந்த பிறகே சேர்க்க வேண்டும். மாதிரிகளின் புரத அளவை முன்கூட்டியே சமப்படுத்தாவிட்டால் ஒன்றில் நொதி பற்றாது, இன்னொன்றில் மிதமிஞ்சிப் பிரியானையும் தின்றுவிடும்.

ஆர்டி-குவிக் என்ற சோதனை இதைவிடப் பலமடங்கு நுட்பமானது. ஆய்வகத்தில் தயாரித்த இயல்பான புரதத்தில் மாதிரியைத் துளி சேர்த்து, ஒரு நிமிடம் குலுக்கி ஒரு நிமிடம் நிறுத்தி, தப்பாக மடிந்த புரத இழைகளில் ஒட்டி ஒளிரும் தயோஃபிளேவின்-டி சாயம் ஒளிர்வதைப் பார்க்கிறார்கள். அரைத்த திசுவை நேரடியாகப் போட்டால் அதிலுள்ள கொழுப்பே வினையைத் தடுக்கும். ஆயிரம் மடங்காவது நீர்க்க வேண்டும். அதிக நேரம் ஓடவிட்டால் பிரியான் விதையே இல்லாத சோதனைத் தட்டுக் குழியும் தானாக ஒளிரும். அதனால் நேர வரம்பை முன்பே முடிவு செய்வது கட்டாயம். இவ்வளவுக்குப் பிறகும் அது காட்டுவது மடிப்பைப் பரப்பும் விதை இருப்பதை மட்டும்தான். இன்னோர் உயிருக்குத் தொற்றுமா என்பதைச் சொல்லாது.

கேள்வி: இப்படிப்பட்ட மாதிரி பட்ட கருவிகளை எப்படிச் சுத்தம் செய்வார்கள்? ஸ்பிரிட் போதுமா?
– ஆய்வக நுட்பநர், தென்காசி

பதில்: ஸ்பிரிட்டும் ஃபார்மலினும் பயன்படாது, இரண்டும் புரதத்தைக் கெட்டிப்படுத்தும். 1 நார்மல் காஸ்டிக் சோடா, அதாவது லிட்டருக்கு 40 கிராம், ஒரு மணி நேரம். அல்லது 20,000 பிபிஎம் குளோரின் உள்ள பிளீச், அதுவும் ஒரு மணி நேரம். 5 சதவீத பிளீச் என்றால் இரண்டு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். ஆட்டோகிளேவ் வழக்கமான 121 டிகிரி 15 நிமிடம் பற்றாது. 134 டிகிரியில் 18 நிமிடம் வேண்டும். காஸ்டிக் அலுமினியத்தை அரிக்கும், பிளீச் எஃகை அரிக்கும். பிளீச்சை ஆட்டோகிளேவில் வைக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். மாதிரி கருவியில் காய்ந்துவிட்டால் மேற்சொன்ன எதுவும் சரியாக ஏறாது, எனவே கழுவும் வரை ஈரமாகவே வைத்திருங்கள். பிரான்சில் 2010-இல் கிடுக்கி முனை விரலில் குத்திய ஆய்வக ஊழியர் ஒருவர் 2019-இல் பிரியான் நோயால் இறந்தார். கூர்முனையுள்ள கருவி தவிர்க்க முடியாத இடத்தில் மட்டுமே கைக்கு வர வேண்டும்.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் எதையாவது செய்து பார்க்க முடியுமா?
– பட்டதாரி மாணவர், வள்ளியூர்

பதில்: மூளைப் பிரியானை நினைக்கவே வேண்டாம். ஈஸ்ட்டுக்கும் பிரியான் உண்டு, மனிதருக்குத் தொற்றாது. சப்35 புரதத்தின் பிரியான் கொண்ட, ஏடிஇ1 மரபணுவில் உரிய பிறழ்வுள்ள ஈஸ்ட் வெள்ளையாகவும் பிரியான் இல்லாதது சிவப்பாகவும் வளரும். ஊடகத்தில் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்டைக் கால் பங்காகக் குறைத்தால் சிவப்பு நன்றாகத் துலங்கும். வெள்ளைக் காலனியை, ஈஸ்ட் பிரியானை நீக்கும் குவானிடின் ஹைட்ரோகுளோரைடு லிட்டருக்கு அரை கிராம் கலந்த தட்டில் இரண்டு மூன்று முறை கீறி, பிறகு சாதாரணத் தட்டுக்கு மாற்றுங்கள். சிவந்தால் இருந்தது பிரியான். வெள்ளையாகவே நின்றால் மரபணு மாற்றமாக இருக்கலாம், மைட்டோகாண்ட்ரியா கெட்ட செல்லாகவும் இருக்கலாம். குவானிடினே அப்படிக் கெடுப்பதுண்டு. கிளிசரால் மட்டும் உணவாக உள்ள தட்டில் கீறிப் பாருங்கள், கெட்டது அங்கே வளராது.