சூரிச்சா, மியூனிக்கா?

கேள்வி: என் கணவருக்கு சுவிட்சர்லாந்தின் சூரிச், ஜெர்மனியின் மியூனிக் இரண்டு ஊரிலும் வேலை கிடைத்திருக்கிறது. சூரிச்சில் சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிள்ளைகளுக்கு வயது ஐந்து, இரண்டு. நான் கணக்காளர். போன பிறகு நானும் வேலை தேட வேண்டும். எங்கே போகலாம்?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புச் சகோதரி, நாலு வருடம் இருந்து பணம் சேர்த்துவிட்டு ஊர் திரும்புவதுதான் திட்டம் என்றால் சூரிச்சுக்கே போங்கள். அங்கே வரியும் குறைவு, கையில் மிஞ்சுவது அதிகம். ஆனால் நீங்களும் வேலைக்குப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் நான் மியூனிக் என்கிறேன்.

உங்கள் சின்னப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். சூரிச்சில் காப்பகத்துக்கு ஒரு நாளைக்கே 100 பிராங்குக்கு மேல் ஆகும். நாலு வயதில் இலவச மழலையர் பள்ளி தொடங்கிவிடும், சரி. ஆனால் பல பள்ளிகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். யாராவது வீட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கும் பணம் கட்ட வேண்டும். அந்த 'யாராவது' பெரும்பாலும் அம்மாதான். ஜெர்மனியில் ஒரு வயது முடிந்த பிள்ளைக்குக் காப்பகத்தில் இடம் கேட்பது 2013 முதல் சட்டப்படியான உரிமை. மியூனிக்கில் இடம் கிடைக்க அலையத்தான் வேண்டும், அதனால் இப்போதே பதிந்து வையுங்கள்.

மருத்துவக் காப்பீட்டிலும் இதே கதைதான். ஜெர்மனியில் கணவர் பொதுக் காப்பீட்டில் சேர்ந்தால், உங்களுக்கு வருமானம் வரும்வரை நீங்களும் பிள்ளைகளும் அதிலேயே அடக்கம். சுவிஸில் தலைக்கு ஒரு பிரீமியம், கைக்குழந்தைக்கும் தனி. அதுபோக, பெரியவர்கள் வருடத்துக்குக் குறைந்தது 300 பிராங்க் மருத்துவச் செலவைக் கையிலிருந்து கட்டிய பிறகுதான் காப்பீடு பணம் தரும்.

விலைவாசிக்கு, நான் குடியிருக்கும் கான்ஸ்டன்ஸ் ஊரைச் சொல்கிறேன். ஜெர்மனியின் எல்லையில் இருக்கிறது, நடந்தே சுவிஸுக்குப் போகலாம். சனிக்கிழமை காலையில் கடை கவுன்ட்டரில் எனக்கு முன்னால் நிற்பவர்கள் பாதிப்பேர் சுவிஸ்காரர்கள். வண்டி நிறைய பால், தயிர், டயப்பர். கறி மட்டும் ஆளுக்கு ஒரு கிலோ, அதற்கு மேல் போனால் சுங்க வரி. ஜெர்மன் விற்பனை வரியைத் திரும்ப வாங்க ஒரு பச்சைத்தாள் எழுதிக்கொண்டு சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்பார்கள். நல்ல சம்பளம் வாங்குகிறவர்களே தயிருக்காக எல்லை தாண்டுகிறார்கள்!

அப்புறம், வேலை போனால்? சுவிஸில் முதல் வருடத்துக்குப் பிறகும் சட்டப்படி இரண்டு மாத நோட்டீஸ்தான். ஜெர்மனியில் ஆறு மாதம் தாண்டிவிட்டால், சின்னக் கம்பெனிகள் தவிர மற்ற இடங்களில் தகுந்த காரணம் இல்லாமல் நீக்க முடியாது.

மொழியையும் யோசியுங்கள். சூரிச்சில் பள்ளியில் ஒரு ஜெர்மன், தெருவில் வேறு ஜெர்மன். கணக்கு வேலைக்கு இரண்டும் காதில் ஏற வேண்டும்.

ஜெர்மன் படிக்க நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் இந்த மாதமே சேருங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான புளூ கார்டு அனுமதியில் ஜெர்மனிக்கு வருகிறவர், பி1 என்ற இடைநிலை ஜெர்மன் தேர்வு தேறிவிட்டால் 21 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்கலாம்.