சாத்துங்கள், தாழிடாதீர்கள்

வாசகர் கேள்விகளுக்குக் குழந்தை நல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். சென்ற மாதம்தான் இரண்டு படுக்கையறைகள் கொண்ட அடுக்குமாடி வீட்டிற்குக் குடிவந்தோம். எட்டு வயது மகனும் ஐந்து வயது மகளும் முதன்முறையாகத் தனி அறையில் உறங்கத் தொடங்கியிருக்கிறார்கள். கதவு திறந்திருந்தால்தான் பிள்ளைகள் அழுதாலும் இருமினாலும் காதில் விழும் என்கிறார் என் மாமியார். தீப்பிடித்தால் சாத்திய கதவுதான் காப்பாற்றும் என்று எங்கோ படித்த என் கணவர், சாத்தியே ஆக வேண்டும் என்கிறார். மகளோ கதவைச் சாத்தினால் பயந்து அழுகிறாள். நான் யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கணவர் சொல்வது சரி. ஆனால் உங்கள் மாமியாரின் கவலைக்கும் மகளின் பயத்திற்கும் வழி செய்த பிறகுதான் அந்தக் கதவைச் சாத்த வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் தீயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரவில் வீட்டுக்குள் பிடிக்கும் தீயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நெருப்பன்று, புகை. புகை நாற்றம் வந்தால் எழுந்துவிடுவோம் என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஆழ்ந்த உறக்கத்தில் மூக்கு நம்மை எழுப்பும் என்று நம்பியிருக்க முடியாது என்பதோடு, புகையில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு, உறங்குகிறவரை விழிக்க விடாமல் மயக்கத்திலேயே ஆழ்த்திவிடும். அமெரிக்காவில் உள்ள யு.எல். என்னும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், சோதனைக்கென்றே வீடுகளைக் கட்டி, அறைகலன்களை நிரப்பி, தீ மூட்டி அளந்து பார்த்திருக்கிறது. கதவு திறந்திருந்த படுக்கையறையில் வெப்பம் 1,000 டிகிரி பாரன்ஹீட்டை எட்டியபோது, அதே வீட்டில் கதவு சாத்தியிருந்த படுக்கையறையில் அது ஏறத்தாழ 100 டிகிரியாகவே இருந்தது. நம் ஊர்க் கோடைப் பகலின் வெப்பம் அவ்வளவுதான். கார்பன் மோனாக்சைடின் அளவும் சாத்திய அறையில் பத்தில் ஒரு பங்காகவே இருந்தது. தடுத்து நின்றது இரும்புக் கதவு அன்று, வீடுகளில் போடும் சாதாரண உள்ளறைக் கதவு.

காரணம் எளிமையானது. சூடான புகை மேலெழுந்து கூரையை ஒட்டிப் பரவி, திறந்த வாசல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நுழைந்து, பிறகு படிப்படியாகக் கட்டிலின் உயரத்திற்கு இறங்குகிறது. கதவு சாத்தியிருந்தால் அது உள்ளே வர இடுக்குகளைத் தவிர வேறு வழியில்லை. அறைக்குள் இருக்கும் காற்றும் வெளியே எரியும் தீக்குத் தீனியாவதில்லை. இந்தச் சில நிமிடங்களின் அருமை முன்பைவிட இப்போது கூடியிருக்கிறது. மரமும் பருத்தியும் நிறைந்த பழைய பாணிக் கூடத்தையும், நுரைமெத்தை சோபாவும் செயற்கை இழைத் திரைகளும் நிறைந்த இன்றைய கூடத்தையும் அதே நிறுவனம் பக்கத்தில் பக்கத்தில் எரித்துப் பார்த்தபோது, முன்னது முழுவதும் தீக்குள் போக ஏறத்தாழ அரை மணி நேரம் ஆயிற்று. பின்னதற்கு நான்கு நிமிடங்கள்கூடத் தேவைப்படவில்லை.

இது அமெரிக்காவின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் மின்னேற்றத்தில் விட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி உயிரிழந்ததை நம்மில் பலரும் படித்தோம். ஆகவே நான் கதவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னரே கேட்பது, உங்கள் கூடத்தில் இரவில் என்னென்ன மின்னேற்றத்தில் கிடக்கின்றன என்பதுதான். வண்டியின் மின்கலம், இன்வெர்ட்டர், கைப்பேசிகள் ஆகியவை குழந்தைகளின் அறைக்கும் வாசலுக்கும் இடைப்பட்ட பாதையில் இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கதவைச் சாத்தச் சொல்லும் அறிவுரை பிறந்த நாடுகளில் ஜன்னல் என்பது இரண்டாவது வாசல். திறந்து இறங்கிவிடலாம், அல்லது தீயணைப்பு வீரர் ஏணி வைத்துத் தூக்கிவிடுவார். நம் வீடுகளிலோ திருடனுக்குப் பயந்து ஜன்னலெங்கும் கம்பிகளைப் பற்றவைத்திருக்கிறோம். அதனால் நம் குழந்தைக்குச் சாத்திய அறை ஒரு புகலிடமாக இருக்குமே தவிர, வெளியேறும் வழியாகாது. கூடுமானால் அந்த அறையின் ஒரு ஜன்னலிலாவது கம்பிச் சட்டத்தைக் கீல் வைத்துத் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் மாடி வீட்டில் அதற்குப் பூட்டு அவசியம். ஆனால் சாவி எங்கே தொங்குகிறது என்பது வீட்டில் உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் இருட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். வாசல் கிரில் கேட்டின் சாவிக்கும் இதே விதிதான். எத்தனை வீடுகளில் அந்தச் சாவி பீரோவுக்குள் இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இனி உங்கள் மாமியார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஏனெனில் சாத்திய கதவு புகையைத் தடுப்பது போலவே குழந்தையின் குரலையும் தடுக்கும். வலிப்பு வரும் குழந்தை, இரவில் மூச்சிரைப்பு வரும் குழந்தை, அன்று காய்ச்சலில் கிடக்கும் குழந்தை ஆகியோர் விஷயத்தில் நான் கதவு விவாதத்திற்கே போக மாட்டேன். அவர்களுக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் படுக்க வேண்டும். பாட்டியே அந்த அறையில் பிள்ளைகளோடு படுத்துக்கொள்ளச் சம்மதித்தால் அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. இல்லையென்றால், குழந்தையின் ஒலியை உங்கள் அறையில் கேட்கச் செய்யும் சிறு கருவி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அத்துடன் கூடத்திலும் படுக்கையறைகளிலும் புகை எச்சரிப்பான் பொருத்துங்கள். சுவரில் மாட்டும் தொலைக்காட்சிக்குச் செலவிடுவதில் மிகச் சிறிய பங்குதான் இதற்கு ஆகும். ஆனாலும் நம் வீடுகளில் இதைக் காண்பது அரிதாக இருப்பது எனக்குப் பெரும் வருத்தம். எச்சரிப்பான் அலறினால் பிள்ளைகள் தாமே எழுந்து வருவார்கள் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். சிறுவர்களின் உறக்கம் அத்தனை ஆழமானது. அந்த ஒலியையும் தாண்டி உறங்கிவிடும் குழந்தைகள் பலர். அது எழுப்ப வேண்டியது உங்களை. போய்ப் பிள்ளைகளை எழுப்ப வேண்டியவர் நீங்கள்.

மகளின் பயத்திற்கு வருகிறேன். ஐந்து வயதில் இருட்டும் சாத்திய கதவும் பயமுறுத்துவது இயல்பு. அதை அடம் என்று கருதி அழவிட்டுப் பழக்குவதை நான் ஏற்பதில்லை. அவள் உறங்கும் வரை கதவை ஒருக்களித்து வையுங்கள். விடிவிளக்கு எரியட்டும், கூடத்தில் நீங்கள் பேசும் குரல் அவளுக்குக் கேட்கட்டும். அந்த நேரத்தில் நீங்கள் விழித்திருக்கிறீர்கள், ஆகவே ஆபத்தும் குறைவு. பிறகு நீங்கள் படுக்கப் போகும்போது ஒருமுறை எட்டிப் பார்த்து, போர்வையைச் சரிசெய்துவிட்டு, ஓசையின்றிச் சாத்திவிடுங்கள். இதை அவளுக்குத் தெரியாமல் செய்யாமல், "நாங்கள் தூங்கப் போகும்போது வந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவோம், நீ எப்போது வேண்டுமானாலும் திறந்துகொண்டு வரலாம்" என்று பகலிலேயே சொல்லிவையுங்கள். கைப்பிடியை அவளே திருகித் திறக்க முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஊதி, நிலையில் இறுகிக்கொள்ளும் கதவாக இருந்தால் தச்சரை வரவழைத்து இழைத்துவிடுவது உடனடித் தேவை.

மகனுக்கு எட்டு வயதாகிவிட்டதால் அவனுக்குச் சிலவற்றைக் கற்றுக்கொடுக்கலாம்: புகை தெரிந்தால் புறங்கையால் கதவைத் தொட்டுப் பார்ப்பது, சுட்டால் திறக்காமல் கீழ் இடுக்கில் போர்வையைத் திணிப்பது, ஜன்னலருகே போய்க் கத்துவது, தரையோடு தவழ்வது. விளையாட்டுப் போல ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தால் போதும், பயமுறுத்த வேண்டியதில்லை. 101, 112 ஆகிய இரண்டு எண்களும் அவனுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. இரவில் அறைக் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொள்கிறாள். கேட்டால், தனக்கென்று ஓரிடம் வேண்டும் என்கிறாள். அனுமதிக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: கதவைச் சாத்துவது அவள் உரிமை, அந்த வயதில் அதை மறுப்பது சரியன்று. நீங்களும் தட்டிவிட்டு, அவள் பதில் சொன்ன பிறகே உள்ளே செல்லுங்கள். ஆனால் உறங்கும்போது தாழ்ப்பாள் கூடாது, அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நம் கதவுகளில் மேலும் கீழும் இருக்கும் இரும்புத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்க வழியே கிடையாது. என் அண்ணன் மகன் இரண்டரை வயதில் அறைக்குள் போய்க் கீழ்த்தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டான். போடத் தெரிந்த பிள்ளைக்கு எடுக்கத் தெரியவில்லை. தச்சர் வந்து கதவை உடைக்கும் வரை, நாற்பது நிமிடங்கள், உள்ளே அவன் அழுததும் வெளியே அவன் தாய் அழுததும் இன்னும் என் காதில் இருக்கின்றன. அன்று அது பகல், வீட்டில் ஆபத்து ஏதும் இல்லை. ஆபத்துள்ள இரவில் நாற்பது நிமிடங்கள் யாருக்கும் கிடைக்காது. அந்தத் தாழ்ப்பாள்களைக் கழற்றிவிட்டு, உள்ளே பொத்தானை அழுத்திப் பூட்டி, வெளியே சாவியால் திறக்கும் குமிழ்ப் பூட்டைப் பொருத்திக்கொடுங்கள். அவளுக்கு அவள் தனிமை, உங்களுக்கு ஒரு சாவி. காரணத்தை மறைக்காமல் சொன்னால் பதின்மூன்று வயதுப் பெண் புரிந்துகொள்வாள்.

கேள்வி: ஏசி போட்டுக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டால் பிள்ளைகளுக்குக் காற்று போதுமா?
- வாசகர், மதுரை

பதில்: மூச்சு முட்டும் அளவுக்குக் காற்று தீர்ந்துவிடாது, கதவின் கீழ் இடுக்கும் ஜன்னல் சந்துகளும் அதற்குப் போதும். ஆனால் சுவரில் மாட்டும் ஏசி அறைக் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறதே தவிர, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. வெளியே 420 பி.பி.எம். அளவில், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்காக, இருக்கும் கரியமில வாயு, இருவர் உறங்கும் அடைத்த அறையில் விடிவதற்குள் 2,000-ஐத் தாண்டிவிடக்கூடும். காலையில் பிள்ளைகள் தலைப்பாரத்தோடும் சோர்வோடும் எழுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கம்பிவலை அடித்த ஜன்னலை இரண்டு விரல் அகலத்திற்குத் திறந்து வையுங்கள், கதவு சாத்தியே இருக்கட்டும்.

அடைத்த அறையில் கொசுவர்த்திச் சுருளை மட்டும் ஒருபோதும் ஏற்றாதீர்கள். ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிப்படும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்கு நிகர் என்று 2003-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. ஏசி அறையில் ஒரு கொசுவலை கட்டிவிட்டால் அந்தச் சுருளுக்கு வேலையே இல்லை.